காதில் சொன்ன பாஸ்வேர்டு

"கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை அப்பா, அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லணுமாம். மிஸ் சொன்னாங்க!" பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக ஜீவிதா அறிவித்தாள்.

சொர்ணலதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய அரிசியையே மறுபடி கழுவினாள். கூடத்தில் சுரேந்தரின் காதில் மகள் கிசுகிசுத்தாள்.

'என்கிட்ட சொல்ல மாட்டியா?' வாய்வரை வந்ததைச் சொர்ணலதா விழுங்கிக்கொண்டாள்.

ஜீவிதா சமையலறைக்குள் வந்து, தயங்கி நின்றாள்.

"கொஞ்சம் குனியுங்க."

சொர்ணலதா குனிந்தாள்.

"மல்லிகை நாலு ரெண்டு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்று காதோடு சொல்லிவிட்டு ஓடினாள் ஜீவிதா.

சொர்ணலதா நனைந்த கையாலேயே கண்களைத் துடைத்துக்கொண்டாள். சுரேந்தருக்கு இரண்டாம் மனைவியாக அவள் மைசூருக்கு வந்து ஏழு மாதமாகிறது. ஜீவிதா அவளை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் முறை.