விளம்பரத்துக்குச் சம்மதம்

ஊசி வழியே நரம்பைச் சூடேற்றிய எளிய சிகிச்சையினால், பல்லாண்டுக் கழுத்துவலி அவளை விட்டு நீங்கியது.

"வலிக்குதுன்னு சொன்னா, 'வேலைக்குப் பயந்து நடிக்கிறா'ன்னு நாலு பேர் முன்னாடி சிரிச்சவர் டாக்டர், என் வீட்டுக்காரர்" என்றாள்.

மருத்துவர் தயங்கினார். "உங்க படத்தை விளம்பரத்துல போட்டா, அவர் சும்மா விடுவாராம்மா?"

"அவர் வேலை பார்க்கிற இடத்துக்கு நேரெதிரே, பெரிசா வைங்க!"

மறுவாரம், அவர் முகம் கறுப்பதைக் கண்குளிரக் காண, சாப்பாட்டுப் பையோடு அங்கே சென்றாள். தெருவின் எதிர்ப்புறத்துப் பலகையில் அவளே கழுத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே, கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர், மேசைமேலிருந்த குடும்பப் படத்தையும் எதிர்ப்புறப் பலகையையும் காட்டி, அவள் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"ஏன் டாக்டர், கழுத்துவலிக்கு உங்களை விட்டா ஆளே இல்லைன்னு நம்பி வந்தேன். உங்க வீட்டம்மாவே அங்கே போயிருக்காங்களே?"