பழவாடை

மோசேசேயும் ஃபெலேட்டியும் அறைக்குள் நுழைந்ததுமே பல் டாக்டர் அனசெய்னி மூக்கைச் சுளித்தார். "யாருப்பா அது, காலங்காத்தாலேயே குடிச்சிட்டு வந்தது?"

மோசேசே தலைகுனிந்தார். ஆலயப் பாடகர் குழுவின் தலைவர் அவர். குடித்துக் கெட்டுக்கிடந்த ஃபெலேட்டியைத் தூக்கி நிறுத்தி, தம் பக்கத்திலேயே நின்று பாடவைத்ததும் அவர்தான்.

கொஞ்ச நாளாக முன்வரிசையில் ஒரு பழவாடை. அன்னாசியை ஊறப்போட்டுத் திருட்டுத்தனமாகக் குடிக்கும் ஹோபியின் வாடை அது என்று டோங்காவில் குழந்தைக்கும் தெரியும். அந்த வரிசையில் குடித்துப் பழகியவன் ஃபெலேட்டி ஒருவன்தான்.

ஞாயிறன்று சபை கூடி அவனை விலக்கப்போகிறது. விலக்கிவிட்டால் அவன் மனைவி லூபே பிள்ளைகளோடு தாய்வீட்டுத் தீவுக்குக் கப்பலேறிவிடுவாள்.

"குடிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டா" என்று வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்தார் மோசேசே. அவன் அவர் முகத்தையே பார்த்தானே தவிர, வாய் திறக்கவில்லை.

"டாக்டரம்மா, வாயைப் பார்த்தா பழக்கவழக்கமெல்லாம் தெரியுமாமே. இவன் குடிக்கிறானான்னு சொல்லிடுங்க."

"நான் பல்லு பாக்கறவ ஐயா, போலீஸ் இல்லே." சொல்லிக்கொண்டே விளக்கை இழுத்து அவன் வாய்மேல் குனிந்தார் அனசெய்னி.

மோசேசேவுக்கு நாக்கு வறண்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்து, குழாயில் மறுபடியும் நிரப்பிக்கொண்டார். அந்த ஊர் வழக்கப்படி மரியாதைக்கு உடைமேல் இடுப்பில் சுற்றிக் கட்டிவந்த பாய் நழுவியது. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இவனைப் பற்றிய கவலையிலேயே உடம்பு பாதியாகிவிட்டது.

"சிகரெட்டை விட்டு ரொம்ப காலமாச்சு போல. ஈறு சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. எதையோ மனசுல போட்டு அழுத்தி வச்சிருக்கீங்க தம்பி."

ஃபெலேட்டியின் கண் கலங்கியது.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கி, அவன் மூச்சை முகர்ந்தார். நெற்றி சுருங்க நிமிர்ந்தார்.

"எதுவானாலும் சொல்லிடுங்கம்மா." மோசேசே பதறிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

அனசெய்னி அவரையே உற்றுப் பார்த்தார். "ஐயா, வாடை இவர்கிட்ட இல்லே. உங்ககிட்டதான்."

"என்கிட்டயா? ஆண்டவர் அறிய நான் அதைத் தொட்டதே இல்லம்மா!"

"தொட்டிருக்க மாட்டீங்க. சர்க்கரை நோய் முத்திப்போனா மூச்சுல இப்படிப் பழவாடை அடிக்கும். இந்தத் தாகம், இளைப்பு எல்லாமே அதாத்தான் இருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

மோசேசே தடுமாறினார். ஃபெலேட்டி நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்து அவரைத் தாங்கிக்கொண்டான்.

"ஏன்டா பாவி, குடும்பமே போகப்போகுது. நான் குடிக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நழுவிய பாயை அவர் இடுப்பில் சரிசெய்து கட்டியபடியே, தயங்கித் தயங்கிச் சொன்னான் ஃபெலேட்டி.

"நீங்க குடிக்கிறீங்கன்னு நெனச்சேண்ணே."