கடைசிச் சுற்று

மாலை வெயில் கற்பிட்டிக் கோவில் முற்றத்து மணலில் சாய்கின்றது. மலேரியாக் காய்ச்சலுக்கு மனைவி அல்பொன்சாவைப் பறிகொடுத்த நிக்கொலஸ் அண்ணாவியார், துக்க ஆண்டில் சலங்கை கட்டலாகாது என்பதால், கூத்தில் தாம் பதினாறு ஆண்டுகள் ஆடிய அரசியின் புலம்பலைத் தம்பிமுறையான மனுவேலுக்குப் பழக்குகின்றார். அடுத்த ஆண்டு அவ்வேடம் தமக்கே மீளவேண்டுமென்று, கடைசிச் சுற்றை மட்டும் மறைத்துவிட்டார். மத்தளம் ஓய்கின்றது. மனுவேல் வியர்வையைத் துடைக்கின்றான். "முடிவிலே ஒரு சுத்து வருமே, அண்ணை. அல்பொன்சா மச்சாள் வருஷா வருஷம் அழுறது அதுக்குத்தானே?" கறுப்புத் துணி தைத்த சட்டைக்கையை அவர் தடவுகின்றார். "ஓம். அவ அதுக்குத்தான் அழுவா." தென்னோலைகள் காற்றில் உரசுகின்றன. அவர் எழுந்து, வெறுங்கால்களால் மெல்லச் சுழன்று காட்டுகின்றார். ஒருமுறையே போதுமாயிருக்கின்றது, மனுவேல் அதைப் பிழையின்றி ஆடிவிடுகின்றான்.