கண் மூடிய படம்

விமானப் படையில் சேர விண்ணப்பப் படம் வேண்டும் என்று, திங்கட்கிழமை மகள் அப்பாவின் ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன் உட்கார்ந்தாள்.

“தோள்கிட்ட அந்தத் தையல் தெரியுதேப்பா. திரையை மாத்தக் கூடாதா?”

“இருபது வருஷமா அதே திரைதான். ஆடாம உட்காரு.” எடுத்துவிட்டுப் பார்த்தார். “ப்ச், கண்ணை மூடிட்டே.”

செவ்வாயும் புதனும் அதே பதில். வியாழக்கிழமை ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட குரூப் போட்டோ. அதில் நூற்றிருபது பிள்ளைகளில் ஒன்றுகூடக் கண்ணை மூடவில்லை.

“ஊர்ப் பிள்ளைங்களை ஒழுங்கா எடுக்கறீங்க. நான் மட்டும் தூங்குமூஞ்சியா? வர்ற திங்கட்கிழமை கடைசி நாள்ப்பா.”

“நாளன்னிக்கு விமானத் தளத்துல நினைவு நாள். படம் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. நீயும் வா.”

ஞாயிற்றுக்கிழமை தளத்தில், இறந்துபோன வீரர்களின் படங்கள் சுவரில் வரிசையாக இருந்தன. பார்த்துக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள். ஆறு படங்களில் அதே நீலத் திரை. தோளருகே அதே தையல்.

“நம்ம ஸ்டுடியோவாப்பா?”

“ஆமா. எல்லாம் விண்ணப்பத்துக்கு எடுத்தது. அதையே பெருசாக்கி மாட்டிட்டாங்க.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே, திங்கட்கிழமை எடுத்த அவள் படம். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

“முதல் படமே நல்லா வந்துடுச்சு. நான்தான் பொய் சொன்னேன். இனி உன் இஷ்டம்.”

அவள் படத்தை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“பயமா இருக்குப்பா.”

“எனக்கு அந்தப் பயம் திங்கட்கிழமையே வந்துடுச்சு, கண்ணு.”