சிரிக்கிறாளே ஒருத்தி!

வணிக வளாகத்துப் பெயர்ப்பலகைகளைப் பற்றி நகரசபையில் விவாதம் நடந்தது. பியூட்டி பார்லர் பலகையை இறக்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் கவுன்சிலரம்மா.

"அளவு சரியாத்தானேம்மா இருக்கு?" என்றார் தலைவர்.

"அதுல ஒருத்தி சிரிக்கிறாளே, அதைப் பார்த்து வண்டி ஓட்டுறவங்க கவனம் சிதறுது!"

சிதறியது அவள் கணவரின் கவனம்தான். தினமும் அங்கே வண்டியை நிறுத்தி, அந்த முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வீட்டில் இவளை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஓட்டெடுப்பில் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். வெளியே வந்ததும் பார்லர்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கடை திறந்தப்ப நீங்கதானே ஆசையா வந்து நின்னு பலகைக்கு அந்தப் போட்டோ எடுத்துக்கிட்டீங்க?"

"இருபது வருஷமாச்சு," என்றாள் கவுன்சிலரம்மா. "அவளுக்கு மட்டும் வயசே ஆகலையேடி!"