கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பிரேசிலின் வடகோடியில், கல்சோயேனி மேட்டில், ஆதிமனிதர் நட்ட கருங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. உச்சி வெயிலில் சாய்ந்த கல் ஒன்றின் நிழல் நூலாக மெலிந்து, கல்லுக்குள்ளேயே ஒடுங்கப் பார்க்கிறது. விடியலில் எல்லை ஆற்றைப் படகில் கடந்து வந்த ஒனோரின், வட்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி, அந்தக் கல்லில் உள்ளங்கையைப் பதித்தபடி உள்ளே நிற்கிறாள்.

"அம்மா, வெளிநாட்டுக்காரங்க எல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம்!" வழிகாட்டி எதில்சன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வட்டத்துக்குள் வருகிறான். மக்காபா நகரத்து ஆள். தொப்பி முதல் பூட்ஸ் வரை புதுசு.

"அக்கா, வந்துடு. உன்னால என்னையும் சேத்துத் துரத்தப்போறான்," கயிற்றுக்கு வெளியிலிருந்து கெஞ்சுகிறான் தம்பி கஸ்பார்.

ஒனோரின் அசையவில்லை. இந்த மண்ணுக்கடியில் தாழிகளில் உறங்குவது தன் பாலிகூர் பழங்குடிச் சனம் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அவர்கள் ஊரில் வந்தவர் வாசலில்தான் நிற்பார். வீட்டுக்காரி சுரைக்குடுக்கையில் மரவள்ளிக் கள் நீட்டிய பிறகே உள்ளே கால் வைப்பார். அவள் பையிலிருந்து குடுக்கையையும் கள் புட்டியையும் எடுத்து, குடுக்கையில் நிதானமாக ஊற்றுகிறாள். புளித்த வாசனை வெயிலில் பரவுகிறது. எதில்சனின் தொண்டை ஏறி இறங்குகிறது.

"மக்காபாலேருந்து இம்புட்டுத் தூரம் எங்க வீட்டுக்கு வந்திருக்கே, தொண்டை காயாதா? வாசல்ல போய் நில்லு தம்பி, தரேன்."

எதில்சன் அவளைப் பார்க்கிறான், கல்லைப் பார்க்கிறான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி வெளியே போய், இரண்டு கைகளையும் நீட்டுகிறான்.