டாக்டரம்மாவின் அடுத்த கேஸ்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலியெல்லாம் தேவலையா? அப்படி உக்காந்து இந்தப் பொண்ணோட கதையைக் கேளுங்க.

சிறுவர் காப்பகத்தில், மனநல டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் பதினைந்து வயதுப் பெண். பக்கத்தில் பெண் போலீஸ். அறைக்குள் பைக் திருடிய பையன் ஒருவன். "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று டாக்டர் அவனைக் கேட்பது வெளியே கேட்டது. இவளுக்கு வயிறு எரிந்தது.

"அவனுக்கு எவ்வளவு நேரம்க்கா?"

"வாரா வாரம் ஒரு மணி நேரம். பெத்தவகூட இப்படி விசாரிக்க மாட்டா. கொடுத்து வெச்ச பசங்க!"

"எனக்கும் இவங்கதானே?"

"அடிப்பாவி, இதுக்காகவா கடைக் கண்ணாடிய உடைச்ச? வீடு எங்கன்னு கேட்டா மட்டும் வாயத் திறக்க மாட்டேங்குற."

"இவங்ககிட்டதான் சொல்லுவேன். எனக்குத் தூக்கமே வரலக்கா. யாரும் இல்லாதப்போ குரல் கேக்குது. வீட்ல சொன்னா, 'களைப்பா இருக்கு, நாளைக்குப் பேசலாம்'னு படுத்துடுவாங்க."

கதவு திறந்தது. பையனின் தலையைக் கோதி அனுப்பிவிட்டு நிமிர்ந்த டாக்டரின் முகம் வெளிறிப்போனது.

"மேடம், இவ உங்ககிட்டதான் பேசுவாளாம்."

"வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இவளை நான் பாக்கக் கூடாது."

"ஏன் மேடம்?"

டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பிள்ளைக்கு நாங்க வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு விதி."

"இங்கேயும் நேரம் கிடையாதாம்மா?" என்றாள் பெண்.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படிக் காத்துக்கிட்டு இருந்தாங்களா? மறைக்காம எனக்கு எழுதுங்க.